பைக் காவலர் பதவி

பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் புறப்படும் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு பதவி காலியாக இருக்கும். விண்ணப்பம் வேண்டாம், நேர்காணல் கிடையாது, சம்பளமும் கிடையாது. வயதில் மூத்தவர் என்ற ஒரே தகுதி போதும். பதவியின் பெயர் பைக் காவலர். "நீங்க இப்படி நிழல்ல உட்காருங்க, பையைப் பார்த்துக்குங்க, நாங்க ரெண்டே ரெண்டு ரைடு போயிட்டு வந்துடறோம்" என்பதுதான் நியமன உத்தரவு. இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். சாயங்காலம் பூங்காவை மூடப்போகிறோம் என்று ஒலிபெருக்கியில் சொல்லும்போதுதான் காவலருக்குப் பணி ஓய்வு.

அரசாங்கத்தில் முப்பத்தைந்து வருஷம் குமாஸ்தாவாக இருந்துவிட்டு வந்தவன் நான். பதவி எதுவாக இருந்தாலும் அது ஏன் உண்டாயிற்று, அவசியம்தானா என்று கேட்டுப் பார்ப்பது பழகிப்போன புத்தி. இந்தப் பதவியையும் அப்படிக் கேட்டுப் பார்த்தேன். என் முடிவு இதுதான்: பை பெரிதாக இருப்பதால் மட்டுமே இந்தப் பதவி இருக்கிறது. பை சிறுத்தால் பதவி ஒழியும். ஆகவே பூங்காவுக்கு எந்தப் பை, அதில் என்ன என்பதைச் சமையலறைச் சங்கதியாக நினைக்கக்கூடாது. வீட்டில் மூத்தவர்கள் அன்றைக்கு மனுஷராக வருகிறார்களா, சாமான் அறையாக வருகிறார்களா என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

அலுவலகத்தில் எல்.டி.சி. பில்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். எந்த ஊர், எத்தனை கிலோமீட்டர், எந்த வகுப்பு, குடும்பத்தில் யார் யார், வயது என்ன என்று எல்லாவற்றுக்கும் அதில் கட்டம் உண்டு. பையை யார் தூக்கினார்கள் என்பதற்குக் கட்டம் கிடையாது. அந்தக் கட்டம் இருந்திருந்தால் பல வீடுகளின் கதை தெரிந்திருக்கும்.

எங்கள் சிறு வயதில் புதுச்சேரியில் இப்படிப்பட்ட பூங்காக்கள் ஏது? வைத்திக்குப்பத்தில் மாசிமகம், வில்லியனூர்த் தேர், எப்போதாவது செஞ்சிக் கோட்டை, அவ்வளவுதான். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போவோம். போன இடத்தில் மரத்தடியில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து தின்று முடித்தால் மூட்டை காலி. திரும்பும்போது கையை வீசிக்கொண்டு வரலாம். மூட்டையைக் காக்க ஆள் வேண்டியிருக்கவில்லை, ஏனென்றால் மூட்டை இருக்கும் இடத்தில்தான் எல்லோரும் இருந்தோம். பொழுதுபோக்குப் பூங்கா அப்படி அல்ல. அங்கே பொழுது முழுக்க வரிசையில் நிற்பதும், ஏறுவதும், நனைவதும், இறங்குவதும்தான். ஒவ்வொரு ரைடு வாசலிலும் கையில் எதுவும் இருக்கக்கூடாது என்று பலகை தொங்கும். கட்டுச்சோற்றுக் காலத்துப் பழக்கத்தோடு கட்டைப்பையைத் தூக்கிக்கொண்டு அங்கே போவது பொருந்தாத காரியம்.

சென்னைப் பக்கத்துப் பூங்கா ஒன்றுக்குச் சில வருஷங்களுக்கு முன் குடும்பத்தோடு போயிருந்தோம். பெயர் வேண்டாம். மகன், மருமகள், பேரன், பேத்தி, நான், என் வீட்டம்மா என்று ஆறு பேர். ஜவுளிக்கடைக் கட்டைப்பை இரண்டு, வயர் கூடை ஒன்று, பேரனின் பள்ளிக்கூடப் பை ஒன்று. என் வீட்டம்மா இன்சுலின் போட்டுக்கொள்பவள். காலை பத்து மணியிலிருந்து மாலை நாலரை வரை அவளும் நானும் ஒரு சிமென்ட் பெஞ்சில் நாலு பைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தோம். எதிரே ராட்சத ராட்டினம். மெதுவாகத்தான் சுற்றியது. அதில் எங்கள் வயதுக்காரர்களும் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பையை விட்டு இரண்டு பேரும் சேர்ந்து எழுந்திருக்க முடியாது. ஒருவரை விட்டு ஒருவர் ஏறவும் மனசு வரவில்லை. வீட்டுக்கு வந்து படுக்கப்போகும்போது, "ஏங்க, அந்தப் பெரிய ராட்டினத்துல ஒரு சுத்து சுத்தியிருக்கலாம். மேலேருந்து பார்த்தா கடல் தெரியுமாம்ல" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அடுத்த வருஷம் அவளுக்கு முழங்கால் போயிற்று. இப்போது ராட்டினப் படி ஏற முடியாது.

அன்றைக்கு யாரும் யாரையும் அலட்சியம் செய்யவில்லை. மருமகள் மணிக்கு ஒரு முறை ஓடி வந்து தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் போனாள். பேரன் ஐஸ்கிரீம் வாங்கிவந்தான். பை பெரிதாக இருந்தது, அதுதான் விஷயம்.

சில வருஷம் முன்பு மகள் வீட்டுக்குப் பாரீஸ் போயிருந்தபோது டிஸ்னிலேண்டுக்கு அழைத்துப் போனார்கள். ஆர்.இ.ஆர். ஏ ரயிலில் கடைசி ஸ்டேஷன் வரை போக வேண்டும். இறங்கினால் எதிரே பூங்கா. கிளம்பும்போது நான் வழக்கப்படி பெரிய பையைத் தேடினேன். மகள் சிரித்தாள். "அப்பா, அவங்கவங்க பையை அவங்கவங்க எடுத்துக்குவாங்க" என்றாள். ஆறு வயதுப் பேத்தியின் முதுகில்கூட ஒரு சின்னப் பை. அதில் அவளுடைய தண்ணீர் பாட்டில், தொப்பி, நாலு மணிக்குத் தின்ன பிஸ்கோத்து. பிரெஞ்சுக்காரர்கள் இந்த நாலு மணித் தீனியை 'கூத்தே' என்பார்கள். குழந்தைக்கு அது இல்லாவிட்டால் அன்றைய பொழுது போகாது. எனக்கும் ஒரு பை கொடுத்தாள். என் மாத்திரை, என் கண்ணாடி, என் கம்பளிச் சட்டை, என் பாட்டில். முதுகில் போட்டுக்கொண்டதும் பள்ளிக்கூடத்தில் 'கர்த்தாபிள்' சுமந்த ஞாபகம் வந்தது. எங்கள் முஸ்யே வகுப்பில் இரவல் பென்சில் கேட்டால் கொடுக்க விடமாட்டார். உன் பொருள் உன் பையில் இருக்க வேண்டும் என்பதே அவருடைய முதல் பாடம். பிரெஞ்சு வழிப் படிப்பில் இலக்கணத்தைவிட இதுதான் எனக்கு அதிக நாள் உழைத்தது.

வாசலில் பைகளை எக்ஸ்ரே எந்திரத்தில் விட்டுப் பார்த்தார்கள். கண்ணாடி பாட்டில், சாராய வகை, பெரிய ஐஸ் பெட்டி போன்றவற்றுக்கு அனுமதி இல்லை. ரொட்டியையும் பழத்தையும் யாரும் தொடவில்லை. உள்ளே குடிதண்ணீர்க் குழாய்கள் இருக்கின்றன, பாட்டிலை நிரப்பிக்கொள்ளலாம். படகில் உட்கார்ந்து பொம்மைகளைப் பார்த்துக்கொண்டே போகும் சவாரி ஒன்று உண்டு. அதில் என் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு பேத்தியின் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். பைக்குக் காவல் என்று யாரையும் நிறுத்தவில்லை. எழுபதை நெருங்கும் வயதில் அது எனக்குப் பெரிய விஷயம்.

ஃபிரான்ஸ்தான் உசத்தி என்று சொல்ல வரவில்லை. குளிர் நாட்டுக் கணக்கு வேறு, நம் ஊர் வெயில் கணக்கு வேறு. நம் பூங்காக்களில் பாதிக்கு மேல் தண்ணீர் விளையாட்டு, ஆகவே மாற்றுத்துணி வேண்டும். அதனால் அந்த முறையை அப்படியே கொண்டுவர முடியாது. நம் ஊருக்குத் தோதாகச் செய்துகொள்ள முடியும். நான் பல முறை போய்வந்து, பார்த்து, வீட்டில் சொல்லிச் சொல்லி நடைமுறைக்குக் கொண்டுவந்ததைக் கீழே எழுதுகிறேன்.

முதலாவது, பையை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று வண்டிப் பை, மற்றது கூடவரும் பை. திரும்பும்போது போட்டுக்கொள்ளும் உலர்ந்த துணி, மாற்றுச் செருப்பு, வழியில் தின்னும் தீனி எல்லாம் வண்டிப் பை. அது காரிலேயே இருக்கட்டும். பஸ்ஸில் போகிறவர்கள் பூங்கா வாசலில் லாக்கர் எடுத்து அதில் வைத்துவிடலாம். மருந்தை மட்டும் காரில் விடாதீர்கள். மே மாத வெயிலில் கதவு மூடிய கார் அடுப்புபோல் ஆகிவிடும். இன்சுலின் அங்கே கெட்டுப்போகும், தயிர் சாதமும் அப்படித்தான்.

லாக்கர் பற்றி ஒரு வார்த்தை. ஆறு பேருக்கு டிக்கெட் எடுக்க ஆயிரக்கணக்கில் எண்ணிக் கொடுக்கும் குடும்பம் லாக்கர் வாடகை என்றதும் யோசிக்கிறது. "எதுக்கு வீணா? அப்பாதான் இருக்காரே" என்று சொல்லிவிடுகிறார்கள். அப்பாவுக்கும் அதே விலையில் ஒரு டிக்கெட் எடுத்திருக்கிறார்கள் என்பது அப்போது மறந்துபோகிறது. ஒரு முழு டிக்கெட்டை எடுத்து அதை லாக்கராகப் பயன்படுத்துவதுதான் இருப்பதிலேயே அதிக வாடகை.

இரண்டாவது, கூடவரும் பை முதுகுப்பையாக இருக்க வேண்டும். கட்டைப்பை கையை இழுக்கும், வாய் திறந்தே இருக்கும், கீழே வைத்தால் சாயும். ஜோல்னா பை ஒரே தோளை அழுத்தும். முதுகுப்பை என்றால் இரண்டு கையும் சும்மா இருக்கும். ஒரு கையில் பேரனையும் மறு கையில் கம்பியையும் பிடித்துக்கொள்ளலாம். ஜிப் வைத்ததாக, பளிச்சென்ற நிறத்தில், மடியில் வைத்துக் கட்டிக்கொள்ளும் அளவில் இருந்தால் போதும். மடியில் அடங்காத பை பெரிய பை. இதைவிட எளிய அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது, எடை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஆறு பேருக்கு ஆளுக்கொரு லிட்டர் என்று ஒரே பையில் போட்டால் ஆறு கிலோ. சாப்பாடு வைப்பதற்கு முன்பே இவ்வளவு. ஆளுக்கு அரை லிட்டர் பாட்டில் ஒன்று போதும், உள்ளே நிரப்பிக்கொள்ளலாம். பள்ளிப் பைகளைப் பற்றி மத்திய அரசு 2020இல் வெளியிட்ட கொள்கையில், பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்று இருக்கிறது. இருபது கிலோ பிள்ளைக்கு இரண்டு கிலோ. பூங்காவுக்கும் அதே கணக்கை வைத்துக்கொள்ளலாம். எழுபது வயதுக்காரர்களுக்கு அதிலும் பாதி என்பது என் தீர்ப்பு. வீட்டில் ஆள் எடை பார்க்கும் தராசு இருந்தால் பையோடு ஒரு தடவை, பையில்லாமல் ஒரு தடவை ஏறி நின்று பாருங்கள். வித்தியாசம்தான் பையின் எடை. பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும்.

நான்காவது, எதை எடுப்பது, எதை விடுவது. அலுவலகத்தில் கோப்புகளுக்கு 'இம்மீடியட்', 'அர்ஜென்ட்' என்று சீட்டுக் கட்டுவோம். மீதியெல்லாம் சாதாரணம். முந்தின நாள் ராத்திரி எடுத்துப்போக நினைக்கும் எல்லாவற்றையும் கட்டில்மேல் பரப்பி, அதேபோல் மூன்றாகப் பிரியுங்கள். இல்லாவிட்டால் உடம்புக்கு ஆபத்து என்பவை முதல் வகை. இல்லாவிட்டால் சிரமம் என்பவை இரண்டாம் வகை. இருந்தால் நல்லது என்பவை மூன்றாம் வகை. முதல் வகையை முழுக்க எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வகையில் பாதியைக் குறையுங்கள். மூன்றாம் வகையைத் திரும்பிப் பார்க்காமல் பீரோவில் வைத்துவிடுங்கள்.

முதல் வகையில் வருவது மருந்து. அன்றைய ஒரு நாள் மாத்திரையும் கூடுதலாக ஒரு வேளையும் போதும், மருந்துக்கடை முழுக்க வேண்டாம். மருத்துவரின் சீட்டு அல்லது அதன் நகல் அவசியம். சர்க்கரைக்காரர்களுக்கு சட்டென்று சர்க்கரை இறங்கினால் பதினைந்து கிராம் அளவுக்குச் சர்க்கரை உடனே உள்ளே போக வேண்டும், பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் முறை. மூன்று டீஸ்பூன் சர்க்கரை ஏறக்குறைய அந்த அளவு. அதைச் சின்னப் பொட்டலமாகக் கட்டி, பையில் அல்ல, அவரவர் சட்டைப் பையில் அல்லது கைப்பையில் வையுங்கள். மயக்கம் வரும் நேரத்தில் பையை வைத்திருப்பவர் ரைடின் உச்சியில் தொங்கிக்கொண்டிருக்கலாம். இன்சுலினை ஈரத்துணி சுற்றிய டப்பாவில் வைக்கலாம். ஐஸ் கட்டியோடு ஒட்டி வைத்தால் உறைந்து வீணாகிவிடும். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு இருக்கட்டும். ஒரு பொட்டலத்துக்கு எவ்வளவு தண்ணீர் என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். அந்த அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும், கண்ணளவில் பாதியைக் கொட்டக்கூடாது.

இரண்டாம் வகையில் துண்டு, தொப்பி, தீனி, சில்லறைப் பணம், போனுக்குத் தண்ணீர் புகாத உறை. துண்டு என்றால் தேங்காய்ப்பூத் துண்டு வேண்டாம். நனைந்தால் செங்கல் கனம் கனக்கும், சாயங்காலம் வரை காயாது. மெல்லிய ஈரிழைத் துண்டு ஆளுக்கு ஒன்று போதும். பிழிந்து தோளில் போட்டால் அரை மணியில் காய்ந்துவிடும். தண்ணீரில் இறங்க நைலான் உடைதான் வேண்டும் என்று பெரும்பாலான பூங்காக்கள் கேட்கின்றன. அங்கே போய் வாடகைக்கு எடுப்பதைவிட முன்னாலேயே உடுத்திக்கொண்டு, மேலே சாதாரண உடை போட்டுக்கொண்டால் பையில் ஒரு செட் குறையும். ஈரத்துணிக்குப் பழைய பிளாஸ்டிக் உறை இரண்டு. வயதுச் சான்றுக்கு ஆதார் நகல். மூத்தவர்களுக்குச் சலுகை தரும் இடங்களில் உதவும். சிறு பிள்ளையின் கையில் அப்பாவின் போன் நம்பரைப் பேனாவால் எழுதிவிடுங்கள். அதற்கு எடை கிடையாது.

மூன்றாம் வகையைப் பட்டியல் போட்டால் பக்கம் போதாது. எவர்சில்வர் தூக்கு, டிபன் கேரியர், விரிக்க ஜமக்காளம், 'ஒருவேளை குளிர்ந்தால்' என்று சால்வை, 'ஒருவேளை யாராவது கேட்டால்' என்று நகை. நகை வேண்டவே வேண்டாம். நகை இருந்தால் பைக்குக் காவல் போதாது என்று காவலுக்கும் காவல் வைக்க வேண்டிவரும்.

இனி சாப்பாடு. நம் பூங்காக்கள் பலவற்றில் வெளி உணவுக்கு அனுமதி இல்லை. வாசலில் பையைத் திறந்து பார்த்து, வாழைப்பழத்தைக்கூட எடுத்து ஓரமாக வைக்கச் சொல்லுவார்கள். நான் மேலே சொன்ன அந்தப் பயணத்தில் என் வீட்டம்மாவின் பிஸ்கட்டுக்கே வாதாட வேண்டியிருந்தது. மருத்துவர் சீட்டைக் காட்டிய பிறகு விட்டார்கள். காவலாளியோடு சண்டை போடுவதில் பயனில்லை. அவர் விதியை எழுதியவர் அல்ல, எழுதியதைக் காப்பவர். கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வாழ்ந்தவனாகச் சொல்கிறேன்: காகிதம் காட்டுகிறவருக்கு வழி கிடைக்கும், குரல் உயர்த்துகிறவருக்குக் கிடைக்காது. ஆகவே சீட்டைப் பையின் அடியில் புதைக்காமல் மேல் ஜிப்பில் வையுங்கள்.

அப்படிச் சொன்னாலும், விதி சரியா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. சினிமா தியேட்டர்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 3ஆம் தேதி ஒரு தீர்ப்புச் சொன்னது. வெளி உணவைத் தடுக்கத் தியேட்டர்காரருக்கு உரிமை உண்டு, அது அவர் இடம் என்றது. அதே சமயம் சுத்தமான குடிதண்ணீர் இலவசமாகத் தரப்பட வேண்டும், கைக்குழந்தைக்கு வேண்டிய உணவைப் பெற்றோர் கொண்டுபோகத் தடை கூடாது என்பதையும் பதிவு செய்தது. அது தியேட்டர் பற்றிய வழக்கு. இரண்டரை மணி நேரச் சமாசாரம். பூங்கா என்பது எட்டு மணி நேரம், அதுவும் வெயிலில். கைக்குழந்தைக்குப் பொருந்தும் நியாயம் எழுபது வயதுச் சர்க்கரை நோயாளிக்கும் பொருந்தாதா? ஒருவருக்குப் பல்லே முளைக்கவில்லை, மற்றவருக்கு விழுந்துவிட்டது. நேரத்துக்குச் சாப்பிட வேண்டியது இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

குப்பை போடுவார்கள், எறும்பு வரும், உள்ளே உணவகம் நடத்துபவருக்கு நஷ்டம் என்று பூங்காக்காரர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதற்கு வழி இருக்கிறது. வாசலுக்கு வெளியே கூரை போட்டு, நாலு பெஞ்சு, கை கழுவக் குழாய், குப்பைத் தொட்டி வைத்தால் போதும். கையில் முத்திரை குத்தி வெளியே விட்டு மறுபடி உள்ளே சேர்த்துக்கொள்ளலாம். புளியோதரை தின்றவரும் உள்ளே போய் ஐஸ்கிரீம் வாங்கத்தான் போகிறார்.

விதிகள் மாறாதவை என்று நினைக்க வேண்டாம். பாரீஸ் டிஸ்னிலேண்ட் 1992 ஏப்ரல் 12இல் திறந்தபோது உள்ளே மது கிடையாது என்பதுதான் அமெரிக்கக் கம்பெனியின் விதி. மதியச் சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் திராட்சை ரசம் குடிப்பது பிரெஞ்சுக்காரர்களின் வழக்கம். அவர்கள் முகம் சுளித்தார்கள். கம்பெனி 1993இல் விதியைத் தளர்த்தி உணவகங்களில் வைன் பரிமாறத் தொடங்கியது. ஊராரின் சாப்பாட்டுப் பழக்கத்துக்கு அவ்வளவு பெரிய கம்பெனியே இறங்கி வந்திருக்கிறது. நம் ஊர்ப் பூங்காக்கள் ஒரு டப்பா தயிர் சாதத்துக்கு இறங்கி வந்தால் குடி முழுகாது. நான் மதுவுக்கு வக்காலத்து வாங்கவில்லை, தயிர் சாதத்துக்குத்தான்.

இதுவரை படித்தவர்களில் சிலர் மறுப்புச் சொல்லக்கூடும். "எங்க அப்பாவுக்கே ரைடு பிடிக்காது, நிழல்ல உட்கார்றதுதான் பிடிக்கும்" என்பார்கள். உண்மையாகவும் இருக்கலாம். இருதயக் கோளாறு, ரத்தக் கொதிப்பு, கழுத்து வலி உள்ளவர்கள் ஏறக்கூடாத ரைடுகள் உண்டு. வாசலிலேயே எழுதிப்போட்டிருப்பார்கள், மீறக்கூடாது. ஆனால் எல்லா ரைடும் தலைகீழாகத் தொங்கவிடுபவை அல்ல. சின்ன ரயில் இருக்கிறது, குதிரை ராட்டினம் இருக்கிறது, மிதவையில் உட்கார்ந்து மெதுவாகப் போகும் ஓடை இருக்கிறது. உட்கார விரும்புகிறவர் உட்காரட்டும். வேடிக்கை பார்ப்பதும் ஒரு சுகம்தான். விரும்பி உட்காருவது வேறு, பைக்காக உட்காருவது வேறு. முன்னது ஓய்வு, பின்னது ஷிப்ட்டு டியூட்டி. எது என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, கையில் பை இல்லாத நேரத்தில் கேட்பது. பையை மடியில் வைத்துவிட்டு "அப்பா, நீங்களும் வர்றீங்களா?" என்று கேட்டால் எந்த அப்பாவும் "வேணாம்ப்பா, நீங்க போயிட்டு வாங்க" என்றுதான் சொல்வார். எங்கள் தலைமுறைக்குப் பழகிய பதில் அது. அதை நம்பிவிடாதீர்கள்.

இன்னொரு மறுப்பு, "பெரியவங்களுக்கு ஒரு வேலை கொடுத்தா அவங்களுக்கும் மரியாதையா இருக்கும்ல" என்பது. வேலை கொடுக்கத்தான் வேண்டும். வழி கேட்டு வைப்பது, ரைடு நேரம் குறித்து வைப்பது, பேரப்பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கதை சொல்வது என்று எவ்வளவோ இருக்கிறது. நகர முடியாத வேலைதான் வேண்டாம் என்கிறேன்.

பிரெஞ்சில் 'விதே சோன் சாக்' என்று ஒரு வழக்கு உண்டு. பையைக் கவிழ்த்துக் கொட்டுவது என்பது சொல்லின் பொருள். மனசில் அடைத்து வைத்திருந்ததைச் சொல்லித் தீர்ப்பது என்பது அதன் உட்பொருள். இந்தக் கட்டுரையில் நான் செய்தது அதுதான்.

வரும் விடுமுறையில் பூங்காவுக்குக் கிளம்பும் மகன்களுக்கும் மகள்களுக்கும் ஒரு வேண்டுகோள். முந்தின நாள் ராத்திரி பையைக் கட்டி முடித்ததும் அதைத் தூக்கிப் பார்த்து, "நாளைக்கு இதை யார் பார்த்துக்கிறது?" என்று உங்களையே கேளுங்கள். யாருடைய பெயராவது பதிலாக வந்தால் பையை மறுபடி அவிழ்த்துக் கட்டிலில் கொட்டுங்கள். பெயர் எதுவும் வராத வரை குறையுங்கள். மூத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் மாத்திரை, உங்கள் பாட்டில், உங்கள் துண்டு, இவற்றை உங்கள் சின்னப் பையில் நீங்களே கட்டிக்கொள்ளுங்கள். முதுகில் மாட்டிக்கொண்டு முதல் ஆளாக வாசலில் நில்லுங்கள். அப்படி நிற்பவரிடம் கட்டைப்பையைக் கொடுக்க யாருக்கும் கை வராது.